பச்சை டிக் விழுந்தால் பயிற்சி முடிந்துவிட்டதா? மருத்துவமனை நிர்வாகங்களுக்கு ஒரு நர்ஸின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தனியார் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் பயிற்சிப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் பத்தொன்பது வருடமாக நர்ஸ். அதில் பதின்மூன்று வருடம் வார்டிலும் ஐசியூவிலும் போனது. கடைசி ஆறு வருடமாக, புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் பொறுப்பு. கொரோனா சமயத்தில் நேரடி வகுப்புகள் நின்றுபோய் எல்லாப் பயிற்சியும் செல்போனுக்குள் வந்தது. அன்றைக்கு வேறு வழி இல்லை. ஆனால் கொரோனா போன பிறகும் பல இடங்களில் அந்த ஏற்பாடு அப்படியே தங்கிவிட்டது. அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் நடந்தது இது. காலை எட்டேகால் மணி. நைட் டியூட்டி முடித்து, ஹேண்ட்ஓவர் கொடுத்துவிட்டு வந்த ஒரு ஸ்டாஃப் நர்ஸ், உடை மாற்றும் அறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். செல்போனை டிபன் பாக்ஸ் மேல் சாய்த்து வைத்திருந்தாள். நோய்த்தொற்றுத் தடுப்பு பற்றிய நாற்பது நிமிட வீடியோ அதில் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை. அவள் கண்ணை மூடிச் சுவரில் தலையைச் சாய்த்திருந்தாள். அன்றுதான் கடைசி நாள். முடிக்காதவர்களின் பெயர்கள் முந்தின நாளே வாட்ஸ்அப் குரூப்பில் வந்திருந்தன. வீடியோ முடிந்ததும் பத்துக் கேள்விகள் வந்தன, ஒன்பதுக்குச் சரியாகப் பதில் போட்டாள். பெயருக்கு நேராகப் பச்சை டிக் விழுந்தது. எழுந்து பஸ்ஸுக்கு ஓடினாள்.

அதே வாரம் வார்டில் ஒரு நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டு, அவள் இரண்டு கையாலும் ஊசிக்கு மூடியைத் திருப்பிப் போடுவதைப் பார்த்தேன். போடக் கூடாது. ஊசி கையில் குத்துவது பல முறை அந்த நொடியில்தான். ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி எல்லாம் அந்த வழியாக வரலாம். அவள் சரியாகப் பதில் சொன்ன ஒன்பது கேள்விகளில் அதுவும் ஒன்று.

"ஏம்மா, மூடி போடக் கூடாதுன்னு தெரியும்தானே?" என்று கேட்டேன்.

"தெரியும் மேம். பாக்ஸ் நர்சிங் ஸ்டேஷன்லதான் இருக்கு. அது வரைக்கும் திறந்த ஊசியைக் கையில வெச்சுக்கிட்டு எப்படி நடக்கிறது?"

அவள் கேட்டது நியாயம். கூர்மையான கழிவுகளுக்கான வெள்ளை டப்பா வார்டின் ஒரு கோடியில் இருந்தது, அவள் பார்த்துக்கொண்ட படுக்கைகள் இன்னொரு கோடியில். பிறகு மருந்து டிராலி ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய டப்பாவைக் கட்டி வைத்தோம். அடுத்த சில வாரம் ரவுண்ட்ஸ் போனபோது மூடி போடுகிறவர்களை அபூர்வமாகத்தான் பார்த்தேன். வீடியோவில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நம்முடைய பெரிய தவறு இங்கேதான் தொடங்குகிறது. வார்டில் ஒரு தப்பு நடந்தால் உடனே "ரீ-டிரெய்னிங் கொடுங்கள்" என்கிறோம். அந்த ஆளுக்கு விஷயம் தெரியாததால் தப்பு நடந்ததா, தெரிந்தும் செய்ய முடியாத நிலைமையில் நடந்ததா என்று யாரும் கேட்பதில்லை. தெரியாததற்குத்தான் பயிற்சி. டப்பா தூரத்தில் இருப்பதற்கு டப்பாவைப் பக்கத்தில் வைப்பதுதான் மருந்து. ஆகவே அடுத்த மாடியூலுக்கு, அதாவது ஆன்லைன் பாடத்துக்கு, பணம் ஒதுக்குவதற்கு முன்னால், தயவுசெய்து யாராவது ஒருவர் ஒரு ஷிஃப்ட் முழுவதும் வார்டில் நின்று பாருங்கள்.

இனி அந்தப் பச்சை டிக் பற்றி. உங்கள் பயிற்சி மென்பொருள் தவறு செய்யவில்லை. ஒருவர் மாடியூலைத் திறந்தாரா, கடைசி வரை போனாரா, எத்தனை நிமிடம் ஆனது, எத்தனை மார்க் என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளத்தான் அது செய்யப்பட்டது. அதை அது சரியாகவே குறிக்கிறது. மாதாந்திர மீட்டிங்கில் "98 சதவீதம் பேர் முடித்துவிட்டார்கள்" என்று ஸ்லைடு போட்டு, நாம்தான் அதைப் பயிற்சியின் பலனாக எடுத்துக்கொள்கிறோம்.

டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959இலேயே, ஒரு பயிற்சியை நான்கு படிகளில் மதிப்பிட வேண்டும் என்று எழுதினார். வந்தவர்களுக்குப் பிடித்திருந்ததா, எதையாவது கற்றுக்கொண்டார்களா, வேலைக்குத் திரும்பிய பிறகு நடந்துகொள்ளும் விதம் மாறியதா, அதனால் நிறுவனத்துக்கு என்ன நடந்தது. நம் மருத்துவமனைகளில் முதல் படிக்கு ஒரு ஃபீட்பேக் படிவம், இரண்டாம் படிக்குப் பத்துக் கேள்வி. அதோடு நின்றுவிடுகிறோம். நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்டது மூன்றாவது படியும் நான்காவது படியும்தான்.

அந்தப் பத்துக் கேள்வியைக்கூட நாம் வைக்கிற நேரம் சரியில்லை. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பாடத்தை இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42 சதவீதம். வீடியோ முடிந்த கையோடு கேட்கிற கேள்விக்கு வரும் மார்க்கை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அதே பத்துக் கேள்வியை மூன்றாம் நாள் இரண்டு, பத்தாம் நாள் மூன்று, ஒரு மாதம் கழித்து மீதி என்று பிரித்து அனுப்புங்கள். பைசா செலவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு ஆன்லைனே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். மூன்று ஷிஃப்ட்டில் வேலை செய்கிறவர்களை ஒரே நாளில் ஒரே அறையில் உட்காரவைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். பாதி ஆன்லைன், பாதி நேரடி என்கிற பிளெண்டட் முறையை ஒழுங்காகச் செய்தால் அது அருமையான முறை. அதற்கு நல்ல உதாரணம், இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுக்கும் சிபிஆர் பயிற்சி.

அமெரிக்க இதயக் கழகத்தின் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியில் இப்படி ஒரு வழி இருக்கிறது. எந்த வரிசையில் செய்வது, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்ற விவரங்களை ஆன்லைனில் படித்துவிடலாம். ஆனால் மேனிகின் என்ற மனித உருவப் பயிற்சிப் பொம்மை முன்னால் முட்டி போட்டு, கையை ஊன்றி அழுத்திக் காட்டாமல் சான்றிதழ் கிடையாது. பெரியவர்களுக்கு நெஞ்சு ஐந்து சென்டிமீட்டராவது இறங்க வேண்டும், ஆறைத் தாண்டக் கூடாது. இது எல்லோருக்கும் வாயில் வரும். கைக்கு வருவதுதான் கஷ்டம். பார்க்கத் திடமாக இருக்கிற ஒரு பையன், முதல் முறை அழுத்தியபோது மேனிகினில் மூன்று சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை. முழங்கையை மடக்கியிருந்தான். "தோளை நேரா கைக்கு மேல கொண்டு வா, இடுப்புல இருந்து அழுத்து" என்றேன். நான்காவது அழுத்தத்தில் ஆழம் சரியாக வந்து மேனிகின் 'கிளிக்' என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது அவன் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். எந்த வீடியோவாலும் அந்த முழங்கையைப் பார்த்துத் திருத்த முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் சான்றிதழ் இரண்டு வருடம் செல்லும், ஆனால் கைப்பழக்கம் அதுவரை தாங்குவதில்லை. பயன்படுத்தாமல் இருந்தால் சில மாதங்களிலேயே தேய்ந்துபோகிறது. அதனால்தான் இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை, டியூட்டியின் நடுவிலேயே சில நிமிடம் மேனிகினில் அழுத்திப் பார்க்கிற முறையைச் சில நாடுகளின் மருத்துவமனைகள் பின்பற்றுகின்றன. பயிற்சி அறையில் உறை போட்டுப் பூட்டி வைத்திருக்கிற மேனிகினை ஐசியூ வாசலுக்குக் கொண்டு வந்து வையுங்கள். அது போதும்.

அடுத்தது ஹவுஸ்கீப்பிங் அக்காமார். உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016, மருத்துவமனையில் வேலை செய்கிற எல்லோருக்கும் சேரும்போது ஒரு முறையும், பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவதும் பயிற்சி கொடுக்கச் சொல்கிறது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற நான்கு நிறங்களில் எது எதில் போக வேண்டும் என்பது அந்த அக்காமாருக்குத்தான் மற்ற யாரையும்விட அதிகமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஊசி ஒழுங்காக டப்பாவுக்குப் போகாவிட்டால் பையைத் தூக்கும்போது குத்துவது அவர்கள் கையில்தான். அவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு மாடியூலைக் கொடுத்து, சூப்பர்வைசர் ஒரே டேப்லெட்டில் வரிசையாக எல்லோர் பெயரிலும் 'நெக்ஸ்ட்' தட்டிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். அன்று மாலை அந்த அக்காக்களில் ஒருவர் என்னிடம் ஒரு ஐவி டியூபைக் காட்டி, "இது எந்தப் பைக்கும்மா?" என்று கேட்டார். சிவப்பு என்றேன். அவர் பெயருக்கு நேராக அன்று மதியமே பச்சை டிக் விழுந்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஐந்து பேராக நிற்க வைத்து, உண்மையான பைகளையும் சுத்தமான டியூபுகளையும் வைத்து, தமிழில் கால் மணி நேரம் பேசினால் முடிந்துபோகிற வேலை இது.

சரி, நேரத்துக்கு வருகிறேன். ஆன்லைன் பயிற்சியால் நேரம் மிச்சமாகிறது என்பது உங்கள் முக்கியமான வாதம். 2009இல் அமெரிக்கக் கல்வித் துறை, ஆன்லைன் கற்றல் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. நேரடி வகுப்பை மட்டும் நம்பியதைவிட, ஆன்லைனையும் நேரடியையும் கலந்த முறையில் பலன் கூடுதல் என்றது அது. ஆனால் கலப்பு முறையில் படித்தவர்களுக்குப் பெரும்பாலும் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்தன, அதனால் கணினியை மட்டும் காரணமாக நினைக்க வேண்டாம் என்றும் அந்த அறிக்கையே எச்சரித்தது. நாமோ கலப்பு முறை என்ற பெயரை எடுத்துக்கொண்டு நேரத்தை வெட்டிவிட்டோம். வெட்டிய நேரம் எங்கே போனது? முதலில் சொன்னேனே, அந்த நைட் டியூட்டிப் பெண்ணின் தூக்கத்திலிருந்து போனது. டியூட்டி முடிந்த பிறகு வீட்டிலோ பஸ்ஸிலோ பார்க்கச் சொல்வது இலவசம் ஆகாது. பயிற்சி நேரம் டியூட்டி ரோஸ்டரில் ஏற வேண்டும். அது இல்லாமல் மற்ற எதைச் செய்தாலும் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம், பலன் கிடைத்ததா என்று எப்படிப் பார்ப்பது? கை கழுவுவதை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் 2009இல் சொன்ன ஐந்து தருணங்கள் எல்லா வார்டுச் சுவரிலும் ஒட்டியிருக்கின்றன. ஒருவர் நோட்டும் பேனாவுமாக நின்று கவனித்தால் எல்லோரும் கழுவுவார்கள், அவர் போனதும் குறைந்துவிடும். அதனால் கவனிப்பதோடு ஸ்டோரையும் கேளுங்கள். இந்த வார்டில் ஆயிரம் நோயாளி-நாளுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் தங்கினால் ஒரு நோயாளி-நாள்) கையில் தேய்க்கும் கிருமிநாசினியான ஹேண்ட் ரப் எத்தனை லிட்டர் செலவானது? பயிற்சிக்கு முந்தின மூன்று மாதமும் பிந்தின மூன்று மாதமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும். ஊசி குத்திய சம்பவங்களையும் இப்படிப் பார்க்கலாம். ஆனால் அதில் ஒரு கவனம் வேண்டும். நல்ல பயிற்சிக்குப் பிறகு முதலில் எண்ணிக்கை கூடும். முன்பு பயந்து மறைத்தவர்கள் இப்போது சொல்ல ஆரம்பிப்பதால் கூடும். அதைப் பார்த்துவிட்டு வார்டு இன்சார்ஜைக் கூப்பிட்டுத் திட்டினால், அடுத்த மாதம் எண்ணிக்கை குறையும், குத்துவது குறையாது.

உங்கள் அடுத்த மாதாந்திர மீட்டிங்கில் அந்த 98 சதவீத ஸ்லைடுக்குப் பக்கத்தில் இந்த ஹேண்ட் ரப் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அந்த மீட்டிங்குக்கு ஒரு நைட் டியூட்டி நர்ஸையும் ஒரு ஹவுஸ்கீப்பிங் அக்காவையும் கூப்பிடுங்கள். அவர்கள் வரும் நேரத்தையும் டியூட்டியாகவே ரோஸ்டரில் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
கோயம்புத்தூரிலிருந்து ஒரு நர்ஸ் பயிற்றுநர்