எந்த பேங்க்கில் மேனேஜர்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தமிழக முன்னாள் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜனைப் பற்றிய உங்கள் கட்டுரையில் மூன்று இடங்களில் 'முன்னாள் வங்கியாளர்' என்று எழுதியிருந்தீர்கள். 2016இல் அவர் மதுரை மத்தி தொகுதியில் முதன்முதலாகத் தேர்தலில் நின்றபோது, எங்கள் கிளைக்கு வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர், "எந்த பேங்க்ல தம்பி மேனேஜரா இருந்தாரு?" என்று என்னிடம் கேட்டார். கவுண்டரிலேயே காலம் தள்ளிய எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அவர் வேலை பார்த்தது அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸில், அப்புறம் சிங்கப்பூரில் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கியில். நகைக்கடன், பாஸ்புக் சமாச்சாரமே இல்லை, நிதிச் சந்தை வேலை. கடன் கொடுக்கிறவன் ஓர் அரசாங்கத்தை எந்தக் கண்ணால் பார்ப்பான் என்று தெரிந்தவர். அதுதான் அவரிடம் விசேஷம்.

தாத்தா பி.டி.ராஜன் 1936இல் சில மாதங்கள் சென்னை மாகாண முதல்வர், அப்பா பழனிவேல்ராஜன் சபாநாயகர் என்பதற்கே பாதிப் பக்கம் போய்விட்டது. மதுரைக்காரர்களுக்கு அது மனப்பாடம். அரசின் வரவு, செலவு, கடன் நிலையை மக்கள் முன் வைத்த அவருடைய வெள்ளை அறிக்கைக்கு மட்டும் ஒரே வரி!

2021 ஆகஸ்ட் 9ஆம் தேதி நிதியமைச்சராக அவர் அதை வெளியிட்டபோது, குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் அரசுக் கடன் என்று டிவியில் சொன்னார்கள். "நாம எப்ப வாங்கினோம்?" என்றாள் என் மனைவி. லட்சம் கோடி என்று சொல்லியிருந்தால் சேனலை மாற்றியிருப்பாள். கணக்கை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்த அந்தச் சாமர்த்தியத்தை நான் இன்றும் மெச்சுகிறேன். இவ்வளவு கடன் என்று சொல்லிவிட்டு, நான்கு நாள் கழித்து பட்ஜெட்டில் பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்ததுதான் எனக்குப் புரியவில்லை. சரி, அது அரசியல்.

அதற்கு முந்தைய வெள்ளை அறிக்கை 2001இல் அ.தி.மு.க. நிதியமைச்சர் பொன்னையன் வெளியிட்டது. இரண்டுமே புதிதாக வந்த ஆட்சி, போன ஆட்சியைப் பற்றி எழுதியவை. கிளைக்குப் புது மேனேஜர் வந்தால் பழையவர் காலத்து வாராக்கடனைத்தான் முதலில் பட்டியல் எடுப்பார். தான் கொடுத்த கடனுக்குத் தானே பட்டியல் போட்ட மேனேஜரை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

2023 மார்ச் பட்ஜெட்டில், சுமார் 62,000 கோடியாக இருந்த வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது அன்றாடச் செலவுக்கு வருமானம் போதாமல் விழும் துண்டு, சுமார் 30,000 கோடிக்கு இறங்கியிருப்பதாகச் சொன்னார். நல்ல சேதிதான். ஆனால் பற்றாக்குறை குறைந்தாலும் கடன் ஏறிக்கொண்டுதான் இருந்தது. குடும்பத்துக்கு எவ்வளவு என்ற அந்தப் பழைய கணக்கு இப்போது எங்கே நிற்கிறது என்று அதே சத்தத்தோடு யாரும் சொல்லவில்லை. அந்த மே மாதமே அவரைத் தகவல் தொழில்நுட்பத் துறைக்கு மாற்றிவிட்டார்கள். ஏன் என்பதற்கு ஆளுக்கொரு கதை. அதற்குள் நான் போகவில்லை.

உங்கள் நிருபர் அடுத்த முறை அவரைச் சந்தித்தால் தாத்தாவை விட்டுவிடட்டும். தன் சொந்தக் காலத்துக்கு ஒரு வெள்ளை அறிக்கை எழுத இரண்டு வருடம் போதவில்லையா என்று கேட்கச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
மதுரை