அறைந்தவனிடம் ‘ஏன்’ என்று கேட்கவும் சபை கற்றுத்தரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்சபையில் கல்வி என்றாலே சிறுவர்களுக்கான ஞாயிறு பள்ளி, அதன்பின் இளையோரைச் சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் வகுப்பு, அத்தோடு முடிந்தது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். இளவயதில் வசனங்களை ஒப்புவித்துப் பரிசு வாங்கியவர், பின்னாளில் தமக்குக் கூலி மறுக்கப்படும்போதும், வீட்டில் அடிபடும்போதும், தம் கண்ணெதிரே இரு பிரிவினர் மோதிக்கொள்ளும்போதும், தம் விசுவாசம் அங்கே என்ன செய்யச் சொல்கிறது என்று எவரோடும் சேர்ந்து யோசிக்க வாய்ப்பே பெறுவதில்லை. பெரியவர்கள் வாரம் ஒருமுறை கூடி, வேதத்தையும் தங்கள் வாழ்வையும் சேர்த்து வைத்து வாசிக்கும் கல்வி ஒவ்வொரு சபையிலும் நடைபெற வேண்டும் என்று வற்புறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பல ஆண்டுகள் ஞாயிறு பள்ளி ஆசிரியையாக இருந்த நான், இப்போது பத்துப் பன்னிரண்டு பேர் கூடும் வாசிப்பு வட்டம் ஒன்றில் பங்கேற்கிறேன். ஒரு மாலை, வலது கன்னத்தில் அறைந்தவனுக்கு மறுகன்னத்தையும் திருப்பிக்கொடு என்னும் மலைப்பிரசங்க வசனம் வந்தது. அதுவரை வாய் திறவாதிருந்த ஒரு சகோதரி வேதாகமத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, “இந்த வசனத்தைச் சொல்லித்தான் என்னை அடிக்கிற மனுஷன்கிட்டயே திருப்பி அனுப்பினாங்க” என்றார். வெகுநேரம் யாரும் பேசவில்லை. அவரை அனுப்பியவர்கள் கொடியவர்கள் அல்லர், விசுவாசிகள்தாம். ஆனால் அந்த வசனத்தைப் பிரசங்க பீடத்திலிருந்து மட்டுமே கேட்டவர்கள். அறை வாங்கியவரின் அருகில் உட்கார்ந்து ஒருநாளும் வாசித்திராதவர்கள்.

அதன்பின் சில வாரங்கள் நாங்கள் அந்த ஒரு வசனத்தை விட்டு நகரவே இல்லை. வலக்கையால் எதிரில் நிற்பவரின் வலது கன்னத்தில் அறைய வேண்டுமானால் புறங்கையைத்தான் வீச வேண்டியிருக்கும் என்பதை ஒருவர் எழுந்து நின்று செய்து காட்டினார். புறங்கை அறை, மேலிருப்பவர் கீழிருப்பவரை இழிவுபடுத்தத் தரும் அறை. மறுகன்னத்தைக் காட்டுகிறவர் அந்த இழிவை ஏற்க மறுத்து நிமிர்கிறார் என்பது வேத அறிஞர் சிலரின் விளக்கம். இதை ஏற்காதோரும் உண்டு. எனக்கு அதைவிட உறுதியாகப்படுவது யோவான் சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரம். விசாரணையின்போது சேவகன் ஒருவன் இயேசுவை அறைகிறான். அவர் திருப்பி அடிக்கவில்லை. வாய்மூடி நிற்கவும் இல்லை. தாம் பேசியது தவறானால் அதை எடுத்துக்காட்டும்படியும், சரியானால் தம்மை ஏன் அடிக்கிறாய் என்றும் அவனையே கேட்கிறார். கையை ஓங்காமல் இந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவுக்குத்தான் அகிம்சை என்று பெயர். எங்கள் வட்டத்துப் பெண்கள் அந்தச் சகோதரியோடு வழக்கறிஞரிடம் சென்றார்கள். அவர் பாதுகாப்பாகத் தங்க இடம் தேடிக்கொடுத்தார்கள். அதையும் வேதபாடத்தின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன்.

இத்துணிவு பிரசங்கம் கேட்டு வந்துவிடாது. பழகித்தான் வர வேண்டும். இந்தியாவில் மெதடிஸ்ட் சபையின் ஊழியராகச் சில ஆண்டுகள் தங்கிக் காந்தியடிகளின் வழிமுறைகளைக் கற்றுத் திரும்பிய ஜேம்ஸ் லாசன், அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1959இல் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் மாணவர்களைக் கூட்டி வைத்து நடத்திய பயிற்சியை இங்கே நினைவுகூர வேண்டும். மாணவர்களில் சிலர் வெள்ளை இனத்துக் கும்பலாக நடித்து வசைபாடுவார்கள், நாற்காலியிலிருந்து பிடித்துத் தள்ளுவார்கள். மற்றவர்கள் கை ஓங்காமல், எழுந்து ஓடாமல், தலையை எப்படிக் காத்துக்கொள்வது, அடிபடும் தோழரை எப்படி மறைத்து நிற்பது என்று பழகுவார்கள். அந்த மாணவர்கள் 1960 பிப்ரவரியில், கருப்பினத்தவருக்கு உணவு பரிமாற மறுத்த கடைகளுக்குச் சென்று அமர்ந்தார்கள். அடிபட்டார்கள், சிறை சென்றார்கள். அதே ஆண்டு மே மாதத்தில் நகரின் முக்கியக் கடைகள் கருப்பினத்தவருக்கும் உணவு பரிமாறத் தொடங்கின. ஒரு தேவாலயத்தின் அடித்தள அறையில், சில மாத மாலைப்பொழுதுகளில் உருவான பலன் இது.

இவையெல்லாம் அரசியல், ஆலயத்துக்குள் எதற்கு என்று கேட்பவர்கள் எல்லாச் சபைகளிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. கட்சிக்காரர்கள் சபையைத் தங்கள் மேடையாக்கிக்கொள்ளும் அபாயம் உண்மையானது. ஆனால் விதவைக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் நியாயம் கேட்ட தீர்க்கதரிசி ஏசாயாவையும், தராசில் கள்ளம் செய்து ஏழையை வாங்கியவர்களைக் கடிந்துகொண்ட ஆமோசையும் எந்தப் பிரிவில் சேர்ப்பது? அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில், பேருந்துகளில் நிலவிய இனப் பாகுபாட்டை எதிர்த்து 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாட்கள் நீடித்த பேருந்துப் புறக்கணிப்புக்குத் தேவாலயங்களே கூட்டம் கூடும் இடமாக இருந்தன. ஜெபமும் பாட்டும் முடிந்த கையோடு, நாளைக்கு யாரை யார் காரில் ஏற்றிச் செல்வது என்பதும் அங்கேதான் பேசப்பட்டது. அன்றைய கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில், புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் 1982 முதல் திங்கள்தோறும் நடந்த சமாதான ஜெபம், பல ஆண்டுகள் சிறு கூட்டமாகவே நடந்தது. 1989 அக்டோபர் 9 அன்று ஏறத்தாழ 70,000 பேர் கம்யூனிஸ்ட் அரசிடம் உரிமை கேட்டு வீதிக்கு வந்தபோது வன்முறை வெடிக்கவில்லை என்றால், அந்தச் சிறு கூட்டத்தின் பொறுமைக்கும் அதில் பங்குண்டு.

ஆயர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் நான் வைக்கும் கோரிக்கை பெரிதன்று. செலவு பிடிக்கும் பாடத்திட்டம் எதுவும் வேண்டாம். வாரத்தில் ஒரு மாலை ஓர் அறையைத் திறந்துவிடுங்கள். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். ஆயரும் அதில் ஒருவராக அமரட்டும். ஆனால் முதலில் பேசுகிறவராக இருக்க வேண்டாம். பாதிக்கப்பட்டவர்கள் பேசும்போது உடனே ஆறுதல் சொல்லி அடக்கிவிடாமல் முழுவதையும் கேட்கப் பழகுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது, எங்களுக்கே இன்னும் சரியாகக் கைவரவில்லை. பிற சமயத்தாரையும் அழையுங்கள். அவர்களோடு சமாதானம் பேசுவதைப் பற்றி அவர்கள் இல்லாமலே படிப்பது முறையல்ல. சபைகள் சிறப்புக் கூட்டங்களுக்கு நேரம் ஒதுக்கும் லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில்), ஒரு வாரத்தையாவது சொற்பொழிவின்றி இதற்கென விட்டுக்கொடுங்கள். தங்கள் நாளிதழும் இத்தகைய வட்டங்களை நடத்திவரும் சபைகளின் அனுபவங்களைக் கேட்டு வெளியிட்டால், தொடங்கத் தயங்கி நிற்பவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி