மாப்பிள்ளை வீட்டுப் பெயர்

மதுரை

அன்புள்ள கயல்,

பேரனுக்குப் பெயர் வைக்கும் நாளுக்கு இங்கே ஒரு பத்திரிகை அடிக்கச் சொன்னாயே, அந்த வேலையாக உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். ஸ்காட்லாந்துக்கார மாப்பிள்ளை வீட்டுப் பெயரைத் தமிழில் எப்படிப் போடுவது?

உன் கல்யாணப் பத்திரிகையில் ‘மென்ஸிஸ்’ என்று போட்டேன். முப்பத்தைந்து வருடம் அச்சாபீஸில் எழுத்துக் கோத்தவன், மூன்று தடவை புரூஃப் பார்த்தவன், பாஸ்போர்ட்டில் Menzies என்று இருந்ததை அப்படியே எழுத்துக் கூட்டிப் போட்டுவிட்டேன். மண்டபத்தில் உன் மாமா அதை மைக்கில் வாசித்தபோது சம்பந்தியம்மா சிரித்தார். மரியாதைக்குச் சிரிக்கிறார் என்று நினைத்தேன். அந்தப் பெயரை அவர்கள் ‘மிங்கிஸ்’ மாதிரிச் சொல்வார்கள் என்று நீ ஆறு மாதம் கழித்துத்தான் சொன்னாய். அன்றிலிருந்து அது என் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆங்கிலத்தின் கடைசி எழுத்து இசட் பெயரின் நடுவில் பளிச்சென்று நிற்கிறது. அது எப்படி ‘ங்’ ஆகும்? இந்த மூன்று மாதமாகக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். கடைசியில் பார்த்தால், குற்றவாளி என் தொழில்காரன்தான்.

ஸ்காட்லாந்தில் பழைய நாளில் ‘யோக்’ என்று ஓர் எழுத்து இருந்திருக்கிறது. பார்க்க எண் 3 போல, கீழே வால் தொங்கும். மாப்பிள்ளை வீட்டுப் பெயரில் அது ‘ன்’னோடு சேர்ந்து ஏறக்குறைய நம் ‘ஞ’ போல ஒலித்தது. பிறகு பேச்சில் அந்த ‘ஞ’ நழுவி ‘ங்’ ஆனது. வால் வைத்து எழுதிய இசட்டும் இந்த யோக்கும் கையெழுத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சரி, கையால் எழுதும் வரை பெரிய தொல்லை இல்லை. 1507-ல் அரசர் நான்காம் ஜேம்ஸ், வால்டர் செப்மன், ஆண்ட்ரோ மில்லர் என்ற இருவருக்கு அச்சகம் வைக்க உரிமை கொடுத்தார். அடுத்த வருடமே எடின்பரோவில் புத்தகங்கள் வந்துவிட்டன. ஸ்காட்லாந்தின் முதல் அச்சகம் அது. அச்சுக்கலை வெளியூர்ச் சரக்கு, அதோடு வந்த எழுத்துப் பெட்டிகளில் யோக் கிடைப்பது அரிது. ஆட்கள் என்ன செய்தார்கள்? கண்ணுக்கு ஒத்துப்போகிற இசட்டை எடுத்து வைத்துவிட்டார்கள்.

அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தை மாதம் வந்தால் எங்கள் ஆபீஸில் ‘ஸ்ரீ’ தீர்ந்துவிடும். நாலைந்து கல்யாணப் பத்திரிகை ஒரே நேரத்தில் கோத்து நிற்கும், பத்திரிகைக்குப் பத்துப் பன்னிரண்டு ஸ்ரீ போகும். ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரே ஒரு ஸ்ரீ குறைந்தது. எழுத்து வைக்கும் கேஸைத் துழாவினேன், தரையில் விழுந்து கிடக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடினேன். ம்ஹும். எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கில் ‘சிரீ’ என்று கோத்துவிட்டுப் படுக்கப் போனேன். காலையில் முதலாளி, “ஏன்டா, மாப்பிள்ளையோட தாத்தா பேர்ல சிரிக்கிறியா?” என்று கத்தினார். நல்லவேளை, அன்று மெஷின் ஏறவில்லை. எடின்பரோக்காரன் செய்தது மெஷின் ஏறி ஐந்நூறு வருடம் ஓடிவிட்டது.

நாம் மெக்கன்சி சுவடிகள் என்கிறோமே, அந்தக் காலின் மெக்கன்சி பெயரில் இருப்பதும் இதே போலி இசட்தான். லூயிஸ் தீவில் ஸ்டோர்னவே ஊர்க்காரர், 1783-ல் மதராஸ் வந்து, 1815-ல் இந்தியாவின் தலைமை நில அளவையாளர் ஆனவர். அவர் திரட்டிய சுவடிகளில் ஒரு பகுதி இன்றும் சென்னையில், அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. அவருடைய குலப்பெயர் கேலிக் மொழியில் ‘கென்னத்தின் மகன்’ என்று பொருள்படும். அதிலும் ஒரு காலத்தில் ‘ங்’ ஒலிதான் இருந்திருக்கிறது. ஆனால் அச்சில் பார்த்துப் பார்த்து ஸ்காட்லாந்துக்காரர்களே இசட் வைத்துச் சொல்லப் பழகிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் அங்கே விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் ராபர்ட் மென்சிஸ் என்று ஒரு பிரதமர், 1949 முதல் 1966 வரை தொடர்ந்து ஆண்டவர். அங்கே ஊர் முழுக்க இசட் வைத்துத்தான் சொன்னது. ஆனாலும் அவருக்கு வந்த பட்டப்பெயர் என்ன தெரியுமா? ‘மிங்’. முன்வாசலில் துரத்தினால் பழைய ஒலி கொல்லைப்பக்கமாக வந்துவிடுகிறது.

இவ்வளவுக்கும் மூலத்தில் அது ஸ்காட்லாந்துப் பெயரே இல்லையாம். பிரான்சில் நார்மண்டிப் பக்கம் மெனியேர் என்ற ஊரிலிருந்து வந்தவர்கள். இங்கிலாந்தில் தங்கிய கிளைதான் ‘மேனர்ஸ்’ ஆனது என்கிறார்கள். 1249-லேயே ராபர்ட் டி மெய்னர்ஸ் என்பவர் ஸ்காட்லாந்து அரசரின் தலைமைப் பொருளாளராக இருந்திருக்கிறார். ஊர்ப்பெயரைச் சுமந்து வந்து குடியேறி, நாலு தலைமுறையில் மலைநாட்டுக் குலமாகிவிட்டார்கள்.

போன வருடம் அபர்ஃபெல்டி பக்கத்தில் வீம் கிராமத்தில் இருக்கும் மாப்பிள்ளை குலத்துக் கோட்டைக்கு என்னை அழைத்துப் போனீர்கள். எனக்கு அப்போது முழங்கால் வலிதான் பெரிதாகத் தெரிந்தது. 1746-ல் கலோடன் போருக்குப் போகும் வழியில், பிரிட்டிஷ் அரியணைக்கு உரிமை கேட்டுப் போரிட்ட ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸ் இரண்டு ராத்திரி தங்கிய இடம் அது, அவர் கிளம்பிய சில நாளில் எதிரிப் படை வந்து உட்கார்ந்ததும் அங்கேதான். படியில் உட்காராமல் மேலே வந்து பார்த்திருக்கலாம். 1910-ல் மூத்த வாரிசுக் கிளை அற்றுப்போய், கைமாறி, பாழாகக் கிடந்ததை 1957-ல் குலச் சங்கத்தாரே விலைக்கு வாங்கிச் சரிசெய்தார்களாம். குலதெய்வக் கோயிலுக்கு வரி பிரித்துக் கும்பாபிஷேகம் செய்கிற நமக்கு இது புரியாதா என்ன.

உன் அம்மாவுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகும் நீ உன் பெயரை மாற்றவில்லை என்று இங்கே சிலர் பேசியபோது அவள் வருத்தப்பட்டாள். ஸ்காட்லாந்தின் பழைய கல்லறைக் கற்களில் மனைவிக்கு அவள் பிறந்த வீட்டுப் பெயரையே வெட்டியிருப்பார்களாம். அங்கே அந்த நாளில் அதுதான் வழக்கம். வாசித்துக் காட்டினேன். “அப்படின்னா சரி” என்றாள்.

உன் பெயரிலும் இந்தக் கூத்து உண்டு. ‘ழ’வுக்காக ஆங்கிலத்தில் இசட்டும் எச்சும் போட்டுக் கொடுத்தது நான்தான். ஆபீஸில் எல்லோரும் ‘கயல்விஸி’ என்கிறார்கள் என்று முதல் வருடம் போனில் அழாத குறையாகச் சொன்னாய். உன் பெயரில் இருப்பதும் இசட் இல்லை, அவர் பெயரில் இருப்பதும் இசட் இல்லை. ஜோசியர்கூட இப்படி ஒரு பொருத்தம் சொல்லவில்லை.

சரி, பத்திரிகைக்கு வருகிறேன். ‘மிங்கிஸ்’ என்று போட்டால் எல்லோரும் தடங்கலில்லாமல் வாசிப்பார்கள். ஆனால் நான் படித்ததை வைத்துப் பார்த்தால் அதில் ‘க’ ஒலியே வரக்கூடாது. ‘மிஙிஸ்’ என்பதுதான் சரி. ங ஙா ஙி ஙீ என்று பள்ளிக்கூடத்தில் பாடியதோடு சரி, வேலைக்குச் சேர்ந்து ஓய்வு பெறும் வரை நான் ஒரு ‘ஙி’ கோத்ததில்லை. எங்கள் கேஸில் அதற்கு அறையே கிடையாது. இப்போது கம்ப்யூட்டரில் இருக்கிறது. டி.டி.பி. பையனிடம் அடிக்கச் சொன்னேன். “ஐயா, இது எழுத்துப்பிழை” என்கிறான்.

உன் மாமா மைக்கில் ‘ஙி’யைப் பார்த்தால் என்ன ஆவார் என்பது வேறு விஷயம். ‘ங்கி’ போட்டுச் சமாளிக்கலாம்தான். அப்புறம் எனக்கும் அந்த எடின்பரோக்காரனுக்கும் என்ன வித்தியாசம்? எழுத்து இல்லை என்ற சாக்காவது அவனுக்கு இருந்தது.

அதனால் ஒன்று செய். சம்பந்தியம்மாவை அந்தப் பெயரை நிதானமாக இரண்டு தடவை சொல்லச் சொல்லி, போனில் பதிந்து அனுப்பு. மாப்பிள்ளை வேண்டாம், அவர் எனக்காகத் தமிழ்ப்படுத்திச் சொல்லிவிடுவார். புதன்கிழமைக்குள் வரட்டும், வியாழன் காலையில் பிளேட் போடுகிறார்கள்.

இப்படிக்கு,
அப்பா