அட்லாண்டிக் வரை எங்களை அனுப்பிவைத்த மும்பைச் சொந்தங்களுக்கு

செம்பூர், மாட்டுங்கா, தாராவி உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நானும் அவரும் நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். லிஸ்பனில் இருக்கும் என் கல்லூரித் தோழியின் 31 அடி பாய்மரப் படகில் அட்லாண்டிக்கில் ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளைச் சுற்றிவிட்டு, அங்கிருந்து கேப் வெர்டே என்ற தீவு நாட்டில் உள்ள மிண்டெலோ வரை போனோம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் நன்றி சொன்னால் யாரையாவது விட்டுவிடுவேன். அதனால்தான் இந்தப் பொது மடல்.

முதல் நன்றி செம்பூர் மாமாவுக்கு. சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்ற எல்லாரும் "சூப்பர், ஜாலியா போயிட்டு வாங்க" என்றபோது, "படகுக்குள்ள தண்ணி வந்தா எந்த பம்ப்? அது நின்னா?" என்று குடைந்தவர் அவர் ஒருவர்தான். அப்போது எரிச்சலாக இருந்தது, மாமா. ஆனால் கடல்வழியாகக் கிளம்பினாலும் ஷெங்கன் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) எல்லையைத் தாண்டும்முன் வெளியேறுவதைப் போலீசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் அடுத்த விசாவுக்கு வில்லங்கம்தான். படகிலிருந்த செயற்கைக்கோள் குறுஞ்செய்திக் கருவியை ஆசைப்பட்டு ஊருக்குக் கொண்டுவந்துவிடாதே, உரிமம் இல்லாமல் இங்கே வைத்திருப்பது குற்றம் என்று எச்சரித்ததும் நீங்கள்தான். அதைப் படகிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

அந்தக் கருவிக்குத் தினமும் காற்றின் திசை, வேகம், அலையின் உயரம் மூன்றையும் சுருக்கி அனுப்பிய முலுண்ட் மருமகளே, கதை எதுவும் சேர்க்காமல் வெறும் எண்களாக அனுப்பினாய் பார், அதற்குத் தனி நன்றி.

கொலாபாவில் எங்களுக்குப் பாய் பிடிக்கக் கற்றுக்கொடுத்த பயிற்சியாளர்களே, பாயைச் சுருக்கலாமா என்று தோன்றிய உடனே சுருக்கிவிட வேண்டும் என்பீர்கள். கேனரித் தீவுகளில் டெனரீஃபுக்கும் லா கொமேராவுக்கும் நடுவே அது கைகொடுத்தது. டெனரீஃபில் டெய்டே மலை 3,715 மீட்டர். கொமேராவும் நல்ல உயரம். வடகிழக்கிலிருந்து வரும் வணிகக் காற்று இரண்டுக்கும் இடையில் நெருக்குண்டு பாய்கிறது. மலையின் மறைவில் பாய் துவண்டு தொங்கும், இன்ஜினைப் போடலாமா என்று யோசிப்போம். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் தண்ணீர் கறுத்து, வெள்ளை நுரை வரிசையாகத் தெரியும். அந்தக் கோட்டைத் தாண்டியதும் காற்று முப்பது நாட், அதாவது மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர். வெயிலடித்து, காற்று சும்மா இருந்தபோதே பெரிய பாயைப் பாதியாகச் சுருக்கிக் கட்டிவிட்டதால் தப்பித்தோம். கொமேராவின் சான் செபாஸ்டியன் துறைமுகத்தில் இறங்கியபோதுதான் கால் நடுங்கியது தெரிந்தது. 1492ல் கொலம்பஸ் கடைசியாகத் தண்ணீரும் சாமானும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய தீவு அது. நாங்கள் ஏற்றியது வாழைப்பழமும் உருளைக்கிழங்கும்.

சமையல் பற்றிச் சொல்லாவிட்டால் மாட்டுங்கா பெரியம்மா பேசமாட்டார். நெய் வேண்டாம் என்றதில் அவருக்கு இன்னும் வருத்தம். பெரியம்மா, ஐரோப்பாவுக்குள் பயணப் பையில் பால் பொருள் எதுவும் கொண்டுபோகக் கூடாது, சத்தியமாக அது என் விதி இல்லை! உங்கள் புளிக்காய்ச்சல்தான் காப்பாற்றியது. ஆடும் படகில் குக்கர்தான் பாதுகாப்பு, மூடி பூட்டிக்கொள்வதால் கவிழ்ந்தாலும் சோறு கொட்டாது. இரவுக் காவல் முடித்து வருபவருக்கு அந்தச் சோற்றில் புளிக்காய்ச்சலைப் பிசைந்து கொடுப்போம். உப்பு நார்த்தங்காயைத் தோழி கடல் மயக்கத்துக்கு வாயில் அடக்கிக்கொண்டாள். மருந்தா, மனசா, தெரியாது. பாட்டிலைத் திருப்பித் தரமாட்டேன் என்கிறாள்.

அப்புறம் தாராவி டெய்லர் அண்ணாச்சி. படகு ஆடும்போது உருண்டு விழாமல் இருக்கப் படுக்கையின் ஓரத்தில் கட்டும் தடுப்புத் துணிக்கு நான் காகிதத்தில் கிறுக்கிக் கொடுத்த படத்தைப் பார்த்து, "இது தொட்டிலா?" என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டு, கித்தானை மூலைகளில் நான்கு மடிப்பாக மடித்து, குறுக்கே தைத்து, பித்தளை வளையம் அடித்துக் கொடுத்தீர்கள். கேப் வெர்டே போகும் வழியெல்லாம் காற்று பின்னாலிருந்து. படகு இடமும் வலமுமாக உருண்டுகொண்டே போகும். அந்தத் துணி இல்லாவிட்டால் தூக்கமே கிடையாது. ஒரு தையல்கூட விடவில்லை.

இதைப் படிக்க வாய்ப்பில்லாத ஒருவருக்கும் நன்றி. காற்றைப் பார்த்துத் தானே சுக்கான் பிடிக்கும் கருவியின் இரும்புத் தாங்கி நடுக்கடலில் விரிசல் விட்டு, மிச்ச வழி முழுக்கக் கையால் சுக்கான் பிடித்தோம். மிண்டெலோவில் ஒரு வெல்டர் அதை வாங்கிப் பார்த்தார், எதுவும் பேசவில்லை. ஒட்டவைத்ததோடு நிற்காமல் உள்ளே ஒரு பட்டையும் வைத்துப் பலப்படுத்தித் தந்து, நாங்கள் பயந்ததைவிட மிகக் குறைவாகக் காசு வாங்கிக்கொண்டார்.

பையனின் பரீட்சை நேரத்தில் வீட்டைத் தாங்கிய அத்தைக்கு இங்கே எழுதி முடியாது, நேரில் பேசிக்கொள்கிறேன்.

டெய்லர் அண்ணாச்சி, தோழி அதே மாதிரி இன்னும் இரண்டு கேட்கிறாள். அளவு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். இந்த முறை முழுக் கூலி வாங்கிக்கொள்ள வேண்டும், சரியா?