அலுமாரியில் உள்ள இறுவட்டுகளை இந்த ஆண்டுக்குள் பிரதி எடுங்கள்: திருகோணமலையின் கோயில், பாடசாலை, சனசமூக நிலைய நிருவாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளி, மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் ஆகிய இடங்களிலும் கோயில் பரிபாலன சபைகள், பள்ளிவாசல் நிருவாகங்கள், பழைய மாணவர் சங்கங்கள், சனசமூக நிலையங்கள் ஆகியவற்றின் பொறுப்பில் இருப்பவர்கள் அனைவருக்கும் இம்மடலை எழுதுகிறேன். 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலம் முதல் கைத்தொலைபேசியில் வீடியோ எடுக்கும் பழக்கம் பரவும் வரை, கும்பாபிஷேகமோ பரிசளிப்பு விழாவோ நாடகமோ அஞ்சலிக் கூட்டமோ எது நடந்தாலும், ஸ்ரூடியோக்காரர் அதைப் படம்பிடித்து, இறுவட்டில் பதிந்து, பெயர் அச்சிட்ட உறையில் இட்டுத் தந்தார். பல சபைகளிடம் இன்று எஞ்சியிருக்கும் ஒரே பிரதி அந்த வட்டுத்தான். 2004 டிசம்பர் 26இற்கு முந்திய நமது கரையோரத் தெருக்களும், அன்று கடல் கொண்டுபோன சிலருடைய குரலும் நடையும் அவற்றில்தான் இருக்கின்றன. அவற்றை இந்த ஆண்டுக்குள் கணினிக்கு மாற்றிவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். இதில் ஏன் அவசரம் காட்டுகிறேன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

இறுவட்டு நூறு ஆண்டு தாங்கும் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது ஆதாரமற்ற பேச்சல்ல. அமெரிக்காவின் தேசிய நியம, தொழில்நுட்ப நிறுவகம் 2003இல் நூலகர்களுக்காக வெளியிட்ட வழிகாட்டி, ஒருமுறை மட்டும் பதியக்கூடிய சீடி, டிவிடி வட்டுகள் 100 முதல் 200 ஆண்டுகள் வரை நிலைக்கலாம் என்பதை உற்பத்தியாளர்களின் பொதுவான கணிப்பாகக் குறிப்பிடுகிறது. ஆனால் அதே வழிகாட்டி, வட்டுகளை 4 முதல் 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதனிலும் வைக்கச் சொல்கிறது என்பதை யாரும் நினைவூட்டுவதில்லை. திருகோணமலையில் எந்த மாதத்திலும் சராசரி வெப்பநிலை 25 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தகரக் கூரையின் கீழுள்ள அலுவலக அறை எவ்வளவு சூடாகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த 100 ஆண்டு நம் அலுமாரிக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதி அல்ல. மேலும், வட்டுகளை அதிக வெப்பமும் ஈரமும் உள்ள அறைகளில் சில வாரங்கள் வைத்து, அவை கெடும் வேகத்தை அளந்து, சாதாரண அறைக்குக் கணக்கிட்டே இத்தகைய எண்கள் பெறப்படுகின்றன. கவனயீனமாகத் தயாரான மலிவு வட்டுக்கோ கைதவறி விழுந்த வட்டுக்கோ அந்தக் கணக்கில் இடமில்லை.

கடையில் விற்கும் திரைப்பட வட்டும், ஸ்ரூடியோவில் பதிந்து தரும் வட்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே வேறுபட்டவை. முன்னையதில் தகவல் பிளாஸ்டிக்கிலேயே நுண்ணிய குழிகளாக அச்சிடப்பட்டு, அதன்மேல் அலுமினியம் பூசப்படுகிறது. பின்னையதில் குழிகள் கிடையா. ஒரு சேதனச் சாயப் படையை லேசர் சுட்டு நிறம் மாற்றுகிறது, அந்த மாற்றமே பதிவு. ஒளியால் மாறும்படி செய்யப்பட்ட சாயம், பதிந்து முடித்த பின்னரும் ஒளிக்கும் சூட்டுக்கும் தொடர்ந்து மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். யன்னலோரத் தட்டில் நிறுத்திவைத்த வட்டு முதலில் போவது இதனால்தான். சீடியில் பயன்படும் சாயங்களுள் தலோசயனின் ஒப்பீட்டளவில் உறுதியானது, சயனின் அத்தனை உறுதியானதல்ல. கனேடிய மரபுரிமைப் பாதுகாப்பு நிறுவகத்தின் மதிப்பீட்டில், ஒளியைத் தெறிக்கச் செய்யும் உலோகப் படை தங்கமாகவும் சாயம் தலோசயனினாகவும் உள்ள சீடிக்கு 100 ஆண்டுக்கு மேல் ஆயுள் உண்டு. வெள்ளிப் படை கொண்ட, ஒருமுறை மட்டும் பதியக்கூடிய சாதாரண டிவிடி-ஆர் வட்டுக்கு 10 முதல் 20 ஆண்டு. அழித்து எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூ வட்டுக்கும் பதியக்கூடிய புளூ-ரே வட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கும் 5 முதல் 10 ஆண்டு மட்டுமே. நமது ஊர் ஸ்ரூடியோக்கள் தங்க வட்டு வாங்கிப் பதிந்தார்கள் என்று நம்புவதற்கு எனக்குத் துணிவில்லை. 2006இல் பதிந்த ஒரு டிவிடி-ஆர் இன்றும் ஓடுகிறதென்றால், அது தன் தவணையைக் கடந்து ஓடுகிறது.

சீடியைப் பொறுத்தவரை இன்னொரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. பளபளக்கும் பக்கத்தையே எல்லோரும் பொத்திப் பொத்திக் காக்கிறார்கள். உண்மையில் அந்தப் பக்கத்தில் 1.2 மில்லிமீற்றர் தடிப்பான பொலிகாபனேற்று என்ற பிளாஸ்டிக் இருக்கிறது. அதில் விழும் சிறு கீறலை மெருகிட்டுக்கூடப் போக்கலாம். பெயர் எழுதும் பக்கத்திலோ உலோகப் படையை மூடியிருப்பது தலைமயிரைவிட மெல்லிய ஓர் அரக்குப் பூச்சு. குமிழ்முனைப் பேனாவால் "மகோற்சவம் – 7ஆம் நாள்" என்று அழுத்தி எழுதியபோதே சில நொடிக் காட்சிகள் அழிந்திருக்கலாம். காகித லேபல் ஒட்டியிருந்தால், அதைப் பிரிக்கவே வேண்டாம். லேபலோடு வெள்ளிப் படையும் உரிந்து வந்துவிடும். சீடி ஒன்றை எடுத்து மின்குமிழுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தியதுபோல் ஒளிப்புள்ளிகள் தெரிந்தால், அந்த இடங்களில் உலோகம் போய்விட்டது.

டிவிடியில் நோய் வேறு. அது 0.6 மில்லிமீற்றர் தடிப்பான இரண்டு தகடுகளை ஒட்டிச் செய்யப்படுகிறது. தகவல் இடையில் இருப்பதால் கீறல் பயம் குறைவு, ஆனால் பசை விட்டால் எல்லாம் விட்டது. வட்டின் விளிம்பைச் சரித்துப் பார்க்கும்போது வெண்மையான ஒரு வளையமோ, உள்நோக்கிப் படரும் மங்கலான திட்டோ தெரிந்தால், அங்கே ஈரம் புகுந்து தகடுகள் பிரியத் தொடங்கிவிட்டன என்று கொள்ளலாம். உறையிலிருந்து எடுக்கும்போது நடுவில் அழுத்தாமல் வில்லாக வளைத்து இழுக்கும் பழக்கம் இதை விரைவுபடுத்துகிறது.

கடலோரத்தில் வாழும் நமக்கு இவற்றோடு உப்புக் காற்றும் மாரிகால ஈரமும் சேர்கின்றன. ஈரமும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும் என்பதை யன்னல் சட்டங்களிலேயே பார்க்கிறோம். உறையும் பகையாகலாம்: 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பேர்ன் நகரத் தொழிற்சாலை ஒன்றில் வெள்ளி பூசித் தயாரான இசைச் சீடிகள் பல, உறைக் காகிதத்திலிருந்த கந்தகம் அரக்கைக் கடந்து வெள்ளியைத் தாக்கியதால் செப்பு நிறமாகிப் பழுதாயின. நம்மைப் போன்றே வெக்கையும் புழுக்கமும் நிறைந்த பெலீஸ் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட சீடி ஒன்றில், பூஞ்சை விளிம்பால் நுழைந்து உலோகப் படையையே தின்றிருந்ததை 2001இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அத்தகைய பூஞ்சை அரிது, ஈரம் அரிதல்ல.

"போன வருடம் போட்டுப் பார்த்தோம், நன்றாக ஓடியது" என்ற பதிலை நான் அடிக்கடி கேட்கிறேன். அது ஆறுதல் தரும் பதில் அல்ல. சிதைந்த கல்வெட்டில் ஓரிரு எழுத்து மறைந்திருந்தாலும் முன்பின் எழுத்துகளைக் கொண்டு வாசித்துவிடுவதைப் போல, இறுவட்டிலும் பிழை திருத்தும் குறிகள் தகவலோடு கலந்து எழுதப்பட்டுள்ளன; சீடியில் ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர் நீளத் தொடர்ச்சியான இழப்பைக்கூட அவை சரிசெய்துவிடும். ஆகவே வட்டு ஆண்டுக்கணக்காகக் கெட்டுக்கொண்டிருந்தாலும் திரையில் ஒன்றும் தெரிவதில்லை. திருத்தக்கூடிய எல்லையைப் பிழைகள் தாண்டும் நாளில் படம் கட்டங்கட்டமாகச் சிதறி, பின்னர் வட்டே ஏற்க மறுக்கப்படுகிறது.

இனிச் செய்யவேண்டியது. முதலில் அழித்து எழுதக்கூடிய வட்டுகளையும் தயாரிப்பாளர் பெயரில்லாத மலிவு வட்டுகளையும் எடுங்கள். அடுத்து, பதிந்த டிவிடிகள். சீடிகள் சற்றுக் காத்திருக்கலாம். கைக்கமராவில் பயன்பட்ட 8 சென்றிமீற்றர் சிறு வட்டுகள் இருந்தால் அவற்றை முன்னே தள்ளுங்கள்: பதிவை முறையாக முடித்துவைக்காத வட்டை வேறு கருவிகள் வாசிப்பதில்லை, அந்தக் கமராவோ பெரும்பாலும் பழுதாகியிருக்கும். படத்தைச் சுருக்கி வேறு வடிவத்துக்கு மாற்றித் தருவதை ஏற்காமல், வட்டின் முழு உள்ளடக்கத்தையும் உள்ளபடியே ஒரு கோப்பாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். முரண்டு பிடிக்கும் வட்டுக்கு ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் உண்டு. வட்டை வாசிக்கும் ஒரு டிரைவ் விட்ட பகுதிகளை மட்டும் இன்னொரு டிரைவில் வாசித்து அதே கோப்பில் சேர்க்க அது உதவும். வட்டைத் துடைப்பதானால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடையுங்கள், சுற்றிச் சுற்றி அல்ல.

எடுத்த கோப்பை மீண்டும் ஒரு புதிய வட்டில் பதிந்து அலுமாரியில் வைப்பதைத் தீர்வாகக் கருத வேண்டாம். சோனி 2025 பெப்ரவரியுடன் பதியக்கூடிய புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. புதிய மடிக்கணினிகளில் டிரைவே இல்லை. இரண்டு வன்தட்டுகளில் இட்டு, ஒன்றை அலுவலகத்திலும் மற்றொன்றை வேறோர் ஊரில் உள்ள உறுப்பினர் வீட்டிலும் வையுங்கள். வன்தட்டும் என்றைக்குமானதன்று என்பதால் ஆண்டுக்கொருமுறை திறந்து சரிபார்ப்பவர் யாரென்று கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். பொதுவில் வைக்கக்கூடிய பதிவுகளை, ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் பேணிவரும் நூலக நிறுவனத்தோடு பகிர்ந்துகொள்வதையும் சபைகள் பரிசீலிக்கலாம்.

அடுத்த நிருவாகக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதனை ஒரு விடயமாகச் சேர்த்து, கைவசமுள்ள வட்டுகளின் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பை இளைய உறுப்பினர் ஒருவரிடம் ஒப்படைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, "ஓடவில்லை" என்று ஒதுக்கிய வட்டுகளையும் குப்பையில் போடாமல் வைத்திருங்கள்.

இப்படிக்கு,
பழைய பதிவுகளைக் கணினிக்கு மாற்றும் பணியில் உள்ள ஒருவர்,
திருகோணமலை.