சிமுலேட்டர் மணிநேரத்தை எப்படி எண்ணப்போகிறீர்கள்?

பாதுகாப்பு அமைச்சகத்தின் கொள்முதல் பிரிவுக்கும், விமானப்படை, கடற்படைத் தலைமையகங்களின் பயிற்சி இயக்ககங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோரே,

விமானம் ஓட்டுவதைத் தரையிலேயே பாவனை செய்து பழக்கும் சிமுலேட்டரை வாங்கி வைத்துக்கொள்வதற்குப் பதிலாக, கருவி, வகுப்பறைப் பாடம், பயிற்றுநர், பராமரிப்பு எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்து மணிக்கணக்கில் பணம் கொடுக்கும் முறை நமக்குப் புதிதல்ல. பெங்களூரில் அரசு விமான நிறுவனமான எச்ஏஎல்லும் கனடாவின் சிமுலேட்டர் நிறுவனமான சிஏஇயும் கூட்டாக அமைத்த ஹாட்சாஃப் மையம், துருவ் ஹெலிகாப்டர் விமானிகளுக்குப் பயிற்சி தருகிறது. சி-17 சரக்கு விமானத்துக்குக் குருகிராமில் ஒரு மையம். பி-8ஐ கடல் கண்காணிப்பு விமானக் குழுவினருக்கு அரக்கோணம் கடற்படை விமானத் தளமான ஐஎன்எஸ் ராஜாளியில் போயிங் அமைத்த மையம். 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறை குத்தகைக்கு எடுப்பதையும் ஒரு கொள்முதல் முறையாகச் சேர்த்துக்கொண்டது. இனி இத்தகைய ஒப்பந்தங்கள் கூடத்தான் செய்யும். அவற்றின் வரைவை எழுதுகிறவர்களிடம் எங்களுக்குச் சொல்ல ஒரு விஷயம் உண்டு. கருவி எப்படி இருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். எந்த மணிநேரத்துக்குப் பணம் உண்டு, எதற்கு இல்லை என்பதை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறீர்கள். பயிற்சி கெடுவது அந்தப் பத்தியில்தான்.

வழக்கமான வாசகம் இது: ‘மாதந்தோறும் திட்டமிட்ட நேரத்தில் 95 சதவீதம் கருவி இயங்கும் நிலையில் இருக்க வேண்டும்.’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 2 மணிநேர அமர்வுகள் 6, மாதத்துக்கு 25 வேலைநாள். ஆக 150 அமர்வுகள், 300 மணிநேரம். 5 சதவீதம் என்றால் 15 மணிநேரம், அதாவது 900 நிமிடம் நின்றுபோகலாம். ஒவ்வொரு தடவையும் 10 நிமிடம் கருவி உறைந்து நின்றால் 90 தடவை. 150 அமர்வில் 90 அமர்வு நடுவில் அறுந்துபோனாலும் நிறுவனம் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போகலாம். ஒப்பந்தத்தின்படி அதில் தவறே இல்லை.

நடுவில் 10 நிமிடம் நின்றால் போவது 10 நிமிடம் மட்டுமல்ல. இரவில், தாழ்வாக, எதிரி ராடாரைத் தவிர்த்துப் போய்ப் பொருளைப் போட்டுவிட்டுத் திரும்பும் பணியை 70 நிமிடம் கட்டி எழுப்பிய பிறகு காட்சி அணைந்தால், மறுபடி ஏற்றிக் குழுவை அதே இடத்தில் உட்காரவைக்கலாம். அந்த 70 நிமிடத்தில் சேர்ந்த களைப்பையும், எரிபொருள் கவலையையும், இரண்டு ரேடியோவை ஒரே நேரத்தில் கேட்கும் நெருக்கடியையும் எந்தப் பொத்தானை அழுத்தியும் மீட்க முடியாது. ஆகவே நிமிடத்தை எண்ணாமல் அமர்வை எண்ணுங்கள். ஒரே தடை 10 நிமிடம் நீடித்தாலோ, சிறு தடைகள் மூன்றைத் தொட்டாலோ அமர்வு முழுவதும் இழப்பு. ஈடாக ஓர் அமர்வு, கட்டணமில்லாமல், குழு கேட்கும் நாளில். தளத்தின் மின்சாரம் போனதால் நின்றது என்றால் அந்தக் கணக்கு உங்களுடையது; அதையும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாத் தடையும் மின்தடையாகிவிடும்.

அடுத்தது, இயங்குகிறது, ஆனால் சரியாக இல்லை என்ற நிலை. பக்கவாட்டு புரொஜெக்டர் ஒன்று மங்கியிருக்கும். கட்டுப்பாட்டுத் தண்டின் விசை ஒரு பக்கம் இழுக்கும். இருளில் பார்க்க உதவும் இரவுக்கண்ணாடி அணிந்தால் இருட்ட வேண்டிய இடத்தில் ஒளி கசியும். ‘இயங்கும் நிலை’ என்ற சொல்லுக்குள் இவை எல்லாம் அடங்கிவிடும். விமான நிறுவனங்கள் இதற்கு அரிங்க் 433 என்ற தரநிலையை வைத்திருக்கின்றன: ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் 1 முதல் 5 வரை மதிப்பெண். அதை எடுத்துக்கொண்டு, 3-க்குக் கீழே போன அமர்வுக்குப் பணமில்லை என்று எழுதலாம். மதிப்பெண் தாளில் நிறுவனத்தின் பயிற்றுநர் மட்டும் கையெழுத்திடக் கூடாது. அவருக்குச் சம்பளம் தருவதே அந்த நிறுவனம். பயிற்சி பெற்ற குழுவின் கேப்டனும் கையெழுத்திட வேண்டும், அறையை விட்டுப் போகும் முன்பே.

கூடவே, எந்தப் பாடத்துக்கு எந்தெந்தப் பாகம் கட்டாயம் இயங்க வேண்டும் என்று பாடவாரியாக ஒரு குறைந்தபட்சப் பட்டியல் வேண்டும். மேகத்துக்குள் காக்பிட்டின் அளவுமானிகளைப் பார்த்து இறங்கும் பாடத்துக்குப் பக்கக் காட்சி இல்லாவிட்டாலும் குடி முழுகாது. மலைப்பள்ளத்தாக்குக்குள் திரும்பி இறங்கும் பாடத்துக்கு அது இல்லாமல் உட்காருவதே வீண். அமெரிக்க சிவில் விதியான பகுதி 60, பழுதான பாகத்தைச் சரிசெய்ய 30 நாள் கெடு வைக்கிறது. இராணுவ ஒப்பந்தத்தில் கெடுவே இல்லாமல் ‘விரைவில்’ என்று எழுதுவது ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை.

சிவில் சிமுலேட்டர்களுக்கு இன்னொரு கடிவாளமும் உண்டு. கியூடிஜி எனப்படும் சோதனைத் தொகுப்பை ஆண்டு முழுதும் காலாண்டுக்கு ஒரு பங்காக ஓட்டி, அசல் விமானத்தின் பறப்புத் தரவோடு ஒப்பிட வேண்டும். மிக உயர்ந்த சிவில் தரமான லெவல் டி ஹெலிகாப்டர் சிமுலேட்டரில் விமானி தண்டை அசைத்ததிலிருந்து காட்சியும் அசைவும் பதில் தருவதற்கான தாமதம் 100 மில்லிவினாடிக்குள் இருக்க வேண்டும். புது புரொஜெக்டர் மாட்டினாலே இந்த எண் நழுவலாம். படத்தை உருவாக்கும் கணினியின் மென்பொருளைப் புதுப்பித்தாலும் நழுவலாம். தாமதம் கூடிய ஹெலிகாப்டர் சிமுலேட்டரில் அந்தரத்தில் நிறுத்தப் பழகுகிறவர் கையை அளவுக்கு மேல் அசைக்கக் கற்றுக்கொள்வார். அந்தக் கையோடுதான் அசல் ஹெலிகாப்டருக்குள் ஏறுவார். சிவில் ஆணையத்தின் வரம்புக்கு வெளியே இருக்கும் இராணுவக் கருவிக்கு இந்தச் சோதனைகளை ஒப்பந்தமே கட்டாயமாக்க வேண்டும். எண்கள் சரியாக இருந்தும் பறப்பு உணர்வு பிசகலாம் என்பதால், பெங்களூரில் உள்ள விமானப்படையின் விமானச் சோதனை அமைப்பான ஆஸ்டியின் சோதனை விமானி ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்க்கவும் வழிசெய்யுங்கள்.

இனி, எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி. விமானம் மாறும், சிமுலேட்டர் மாறாது. ஒரு புது ரேடியோ, ஒரு புது எச்சரிக்கை அமைப்பு, பணிக்கணினியில் ஒரு மென்பொருள் பதிப்பு: ஸ்குவாட்ரன் எனப்படும் விமானப் படைப்பிரிவில் பாதி விமானங்கள் மாறியிருக்கும், பயிற்சி மையத்தில் பழைய திரை, பழைய மெனு, பழைய பொத்தான் வரிசை. நெருக்கடியில் கை பழகிய வரிசைக்குத்தான் போகும். இது ஏன் நடக்கிறது என்றால், மேம்பாட்டு ஒப்பந்தத்தை ஒரு இயக்ககம் போடுகிறது, பயிற்சி ஒப்பந்தத்தை இன்னொன்று போடுகிறது. முன்னதில் சிமுலேட்டர் என்ற சொல்லே இருக்காது. பிறகு திருத்தம் கேட்டால் நிறுவனம் தனி விலை சொல்லும். அந்தக் கோப்பு நகர்ந்து முடிவதற்குள் விமானத்துக்கு அடுத்த பதிப்பு வந்துவிடும்.

இதற்குத் தொழில்நுட்பத்திலும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அசல் விமானக் கணினிப் பெட்டியையே சிமுலேட்டருக்குள் வைத்தால், விமானத்தில் ஏற்றும் மென்பொருளை இங்கேயும் பெருமளவு அப்படியே ஏற்றலாம். ஆனால் அந்தப் பெட்டி பழுதானால், உதிரிக்கு ஸ்குவாட்ரனோடு போட்டி. ஜெயிப்பது எப்போதும் ஸ்குவாட்ரன்தான், அதுதான் நியாயமும். பெட்டியின் வேலையைச் சாதாரணக் கணினியில் பாவனை செய்தால் உதிரித் தொல்லை இல்லை. ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் தயாரிப்பாளரின் தரவு வேண்டும், அதை அவர் சும்மா தரமாட்டார். எதைத் தேர்ந்தாலும் சரி. விமான மேம்பாட்டு ஆணையிலேயே சிமுலேட்டர் தரவுத் தொகுப்பையும் ஒரு வரியாகச் சேருங்கள். முதல் விமானம் மாறும் நாளுக்கு முன்பே சிமுலேட்டர் மாறியிருக்க வேண்டும் என்று தேதி போடுங்கள். முடியாதபோது, எவை எவை வேறுபடுகின்றன என்ற பட்டியல் ஒவ்வொரு அமர்வுக்கு முந்தைய விளக்கத்திலும் குழுவின் கையில் இருக்க வேண்டும்.

நிலக்காட்சித் தரவையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். லே ஓடுதளம் 10,000 அடிக்கு மேலே இருக்கிறது. அருணாசலப் பிரதேசத்தின் மெச்சுகா, டூட்டிங் போன்ற எல்லையோர முன்னணி இறங்குதளங்களில் பள்ளத்தாக்கின் அகலம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கருவியோடு வரும் பொதுவான உலக வரைபடத்தில் அந்த மலைகள் வழவழவென்று கிடக்கும். துல்லியமான தரவை வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. ஆகவே அந்தக் காட்சிகளை இந்தியாவுக்குள், பாதுகாப்பு அனுமதி பெற்றவர்களைக் கொண்டு உருவாக்கும் செலவும் காலமும் டெண்டரிலேயே இருக்க வேண்டும்.

பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் பணம் தருவதாக நீங்கள் ஒப்புக்கொள்ளும் குறைந்தபட்ச உத்தரவாத மணிநேரம் பற்றிச் சுருக்கமாக. மிகக் குறைவாக வைத்தால் நிறுவனம் ஒரு மணியின் விலையை ஏற்றும். மிக அதிகமாக வைத்தால் காலி இருக்கைக்குப் பணம் கட்டுவீர்கள். குழுக்கள் திடீரென எல்லைக்கோ வெள்ள நிவாரணத்துக்கோ போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பயன்படாத மணிகளை அடுத்த காலாண்டுக்கு எடுத்துச்செல்லும் உரிமையைக் கேளுங்கள். ஒப்பந்தத்தின் எல்லையையும் கவனியுங்கள். பிரிட்டன் 2008-ல் விமானிப் பயிற்சியை 25 ஆண்டுக்கு அசென்ட் நிறுவனத்திடம் கொடுத்தது. மாணவர்கள் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையில் காத்துக்கிடந்ததை அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2019-ல் பதிவுசெய்தது. ஒவ்வொரு கட்டத்தின் எண்ணிக்கையும் தனித்தனியே சரியாக இருந்தால் போதாது. ஒரு மாணவர் தொடக்கம் முதல் கடைசி வரை எத்தனை மாதம் எடுத்தார் என்பதையும் யாராவது ஒருவர் பொறுப்பாக எண்ண வேண்டும்.

பயிற்றுநர்கள். குறைந்த விலைக்காரருக்கே வேலை என்ற எல்-1 முறையில் நிறுவனம் முதலில் வெட்டுவது இவர்கள் சம்பளத்தை. ஓய்வுபெற்ற நல்ல விமானிகள் சிவில் நிறுவனங்களுக்குப் போய்விடுவார்கள். பட்டியலில் பெயர் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட கொள்முதல் வழிகாட்டுதல்கள், ஆலோசனை அல்லாத சேவைகளிலும் தரத்துக்கு 30 சதவீதம் வரை எடை தர இடம் கொடுத்தன. அதே அணுகுமுறையை இங்கே கொண்டுவந்து, அந்த எடையைப் பயிற்றுநரின் தகுதிக்கும் அவர் நிலைத்திருப்பதற்கும் கொடுங்கள். ஆண்டுக்குச் சில முறை அவர்களை ஸ்குவாட்ரன் விமானத்தில் உடன் ஏற்றி அனுப்புங்கள். பறப்பை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர் பழைய போர்முறையைத்தான் சொல்லிக்கொடுப்பார். தேர்ச்சி என்று கையெழுத்திடும் அதிகாரம் மட்டும் சீருடை அணிந்தவரிடமே இருக்கட்டும்.

வகுப்பறைப் பாடங்களை யாரும் சரிவரப் பார்ப்பதில்லை; விலைப்பட்டியலில் அது சிறிய வரி. விமானக் கையேடு திருத்தப்பட்ட 30 நாளுக்குள் அதைத் தொடும் பாடங்களும் தேர்வு வினாக்களும் திருத்தப்பட வேண்டும். அதற்கு, எந்தப் பாடம் கையேட்டின் எந்தப் பத்தியிலிருந்து வந்தது என்ற அட்டவணையை முதல் நாளே வாங்கிக்கொள்ள வேண்டும். பாடத்தின் திருத்தக்கூடிய மூலக்கோப்புகளும் உங்கள் வசம் வர வேண்டும். கணினிப் பாடங்களை ஓட்டிய மென்பொருளான அடோபி ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31-ல் நின்றபோது, மூலக்கோப்பை வாங்கிவைக்காதவர்கள் பாடங்களை முதலிலிருந்து எழுத வேண்டிய நிலைக்கு வந்தார்கள். ஹைட்ராலிக் அமைப்பின் வால்வு வரிசையைக் கற்க ஆறு திசையில் அசையும் மேடை தேவையில்லை. தொடுதிரைகள் கொண்ட அசையாத காக்பிட் பயிற்சிக்கருவி போதும். அதை டெண்டரில் கேட்டால்தான் விலைமிக்க கருவியின் நேரம் மிஞ்சும்.

கட்டடம்: கருவி கப்பலேறும் முன் கூடம், ஏசி, யுபிஎஸ் மூன்றும் சோதித்து முடிந்திருக்க வேண்டும். குழிவான பெரிய கண்ணாடியைப் போலச் செயல்படும் மைலார் படலம் தூசியையும் ஈரத்தையும் தாங்காது. அரக்கோணத்து அக்டோபரில் ஏசி இரண்டு நாள் நின்றால் விளைவு தெரியும்.

கடைசியாக வெளியேறும் விதி. விமானம் 30 ஆண்டு பறக்கும். சிமுலேட்டர் கணினிகள் அதில் பாதிக்கும் முன்பே வழக்கொழியும். எத்தனையாவது ஆண்டில் யார் செலவில் மாற்றுவது என்பது விலையோடு சேர்ந்தே வர வேண்டும். ஒப்பந்தம் முடியும்போது நிலக்காட்சித் தரவு, மாணவர் பதிவேடுகள், பழுதுப் பதிவேடு, உதிரிகள் ஆகியவை யாருக்கு என்பதையும் பெயர் சொல்லி எழுதுங்கள். முடிவுக்கு ஓராண்டு முன் மூன்றாம் தரப்பு ஒருவர் கருவியின் நிலையைச் சோதிக்க வேண்டும்; கடைசி ஆண்டில் பராமரிப்புக்குச் செலவழிக்க எந்த நிறுவனத்துக்கும் மனம் வராது. புதிய ஒப்பந்ததாரர் பொறுப்பேற்கும் முன் குறைந்தது 90 நாள், பழையவரும் அவரும் ஒரே கூடத்தில் சேர்ந்து வேலை செய்யும்படி இருக்கட்டும்.

டெண்டருக்கு முந்தைய கூட்டத்துக்கு நிறுவனங்களின் விற்பனைப் பிரிவினர் வருவார்கள். உங்கள் பக்கத்தில் நிதி ஆலோசகர் இருப்பார். இரவு ஷிப்டில் புரொஜெக்டர்களை நேராக்கும் டெக்னீஷியன் ஒருவருக்கும், ஸ்குவாட்ரனின் பயிற்சி அதிகாரி ஒருவருக்கும் அந்த மேசையில் இரண்டு நாற்காலி போடுங்கள்.

இப்படிக்கு,
இராணுவ விமானப் பயிற்சிக் கருவிகளில் பணிபுரியும் பொறியாளர்கள், பயிற்றுநர்கள்