கவாபுச்சி ஐயாவுக்கு, ஜூரோங்கிலிருந்து

மதிப்பிற்குரிய சபுரோ கவாபுச்சி ஐயா,

வணக்கம். உங்களுக்குத் தமிழ் தெரிய வாய்ப்பில்லை, எனக்கும் ஜப்பானிய மொழியில் 'அரிகாத்தோ'வைத் தாண்டி எதுவும் வராது, இருந்தாலும் எழுதுகிறேன். 2023இல் உங்கள் அரசு உங்களுக்குப் பண்பாட்டு விருது கொடுத்தது. ஜப்பானின் தொழில்முறைக் காற்பந்து லீக்கான ஜே.லீக்கின் முதல் தலைவர், அந்த லீக்கைத் தூக்கி நிறுத்தியவர் என்ற முறையில் ஊரே வாழ்த்திவிட்டது. நான் கும்பிடுவது உங்களுடைய ஒரே ஒரு பிடிவாதத்தை மட்டும்தான்: அணியின் பெயரில் கம்பெனி கூடாது, ஊர் இருக்க வேண்டும்.

இங்கே சிங்கப்பூரில் உள்ள நண்பர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. 1965இல் தொடங்கிய பழைய ஜப்பான் லீக்கில் மோதிக்கொண்டதே கம்பெனிகள்தான், ஃபுருகாவா எலக்ட்ரிக், மிட்சுபிஷி, ஹிட்டாச்சி என்று. நீங்களே ஃபுருகாவா ஊழியர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அர்ஜென்டினாவை 3-2 என்று சாய்த்தபோது ஒரு கோல் உங்களுடையது. அந்தக் கம்பெனிச் சோற்றைத் தின்றவரே வந்து, பணம் நீங்கள் போடுங்கள், பெயர் ஊருக்கு என்றால் எந்த முதலாளிக்குத்தான் இனிக்கும்? யோமியுரி பத்திரிகையின் வாட்டனபே கடைசிவரை மல்லுக்கு நின்றார். லீக்கில் 'வெர்டி காவாசாக்கி' என்று பதிவான, யோமியுரி பணம் போட்ட அணியை அவர்களுடைய பத்திரிகை 'யோமியுரி வெர்டி' என்றே எழுதிக்கொண்டிருந்தது. நீங்கள் அசையவில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது காஷிமா கதை. காஷிமாவிலிருந்த சுமிட்டோமோ மெட்டல்ஸ் கம்பெனி அணி அப்போது இரண்டாம் டிவிஷனில், ஊரும் சின்ன ஊர். லீக்கில் சேர அவர்கள் வந்து நின்றபோது 99.9999 சதவீதம் முடியாது என்று சொல்லிவிட்டு, 15,000 பேர் உட்காரக்கூடிய, கூரை போட்ட காற்பந்து அரங்கம் கட்டினால் பார்க்கலாம் என்றீர்கள். மறுப்பதற்காகத்தான் சொன்னீர்கள் என்று நினைக்கிறேன். அவர்களோ நிஜமாகவே கட்டிவிட்டார்கள்! 1993 மே 15இல் டோக்கியோவில் இரண்டே வாக்கியத்தில் நீங்கள் லீக்கைத் தொடங்கிவைத்த மறுநாள், அந்தப் புது அரங்கத்தில் காஷிமா 5-0 என்று நகோயாவை அடித்தது, அதில் மூன்று கோல் பிரேசில் நட்சத்திரம் ஸிக்கோ போட்டது. முதல் சீசனின் முதல் கட்டத்தில் பட்டமும் அவர்களுக்கே.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். மலேசியப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்த சிங்கப்பூர் அணி 1994இல் மலேசிய லீக்கையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒருசேர வென்றுவிட்டு அங்கிருந்து வெளியே வந்தது. 1996இல் எட்டு அணிகளோடு எங்கள் சொந்த லீக்கான எஸ்.லீக். தெம்பனிஸ், கேலாங், உட்லண்ட்ஸ், பாலஸ்டியர் என்று பெரும்பாலும் ஊர்ப் பெயர்தான், அதற்காக யாரோடும் சண்டை போட வேண்டியிருக்கவில்லை. ஆனால் காலாங்கின் தேசிய அரங்கத்தில் ஐம்பதாயிரம் பேர் கத்திய அந்தச் சத்தம் பேட்டைகளுக்குப் பிரிந்து வரவில்லை. பிடிஓ என்கிற புது அரசாங்க அடுக்குமாடி வீடு எங்கே கிடைக்கிறதோ அங்கே போய்க் குடியேறும் ஆட்கள் நாங்கள், அண்ணன் பொங்கோலில், தம்பி தெங்காவில். மக்கள்தான் இப்படி என்றால் அணிகளும் அப்படியே. கேலாங் அணி பல சீசன்கள் வேறு பேட்டையான தெம்பனிஸின் ஹப் அரங்கத்தில் சொந்த ஆட்டம் ஆடியிருக்கிறது. பெயர்ப்பலகை மாட்டினால் போதாது, பக்கத்திலேயே இருக்கவும் வேண்டும் என்பதை எங்கள் லீக் சரியாகப் பிடிக்கவில்லை என்பது என் கட்சி.

வேடிக்கை என்னவென்றால், என் பேட்டைக்கு ஓர் அணியை அனுப்பியது உங்கள் நாடு. 2004இல் ஜே.லீக் அணியான அல்பிரெக்ஸ் நீகாட்டாவின் சிங்கப்பூர் கிளை அணி எங்கள் லீக்கில் சேர்ந்தது. ஜூரோங் ஈஸ்ட் ஸ்டேடியத்தில் ஆடி, 2018இல் ஒரு தோல்விகூட இல்லாமல் லீக்கை வென்றது. ஸ்டேடியம் சின்னதுதான். வேலிப் பக்கம் உட்கார்ந்தால் கோல்கீப்பர் தன் டிஃபென்டரைத் திட்டுவது ஜப்பானிய மொழியில் துல்லியமாகக் கேட்கும், பின் வரிசையில் நம்ம அங்கிள் ஒருவர் அதற்குத் தமிழில் பதில் கொடுப்பார். தாய் அணி நீகாட்டா, ஆரம்பத்தில் இலவச டிக்கெட் கொடுத்துக் கொடுத்தே ஊரைக் கூட்டிய அணி. 2005இல் சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 40,000 பேர் வந்தார்கள். எங்களுக்கு அனுப்பியபோது அந்த வித்தையையும் சேர்த்து அனுப்பியிருக்கலாம்!

2015இல், 78 வயதில், உலகக் கூடைப்பந்துச் சங்கம் தடை போட்டிருந்த ஜப்பான் கூடைப்பந்துக்குள் புகுந்து, முட்டிக்கொண்டிருந்த இரண்டு லீக்குகளை ஒன்றாக்கினீர்கள். அந்தத் துணிச்சலுக்கு இன்னொரு கும்பிடு.

ஒரு மனக்குறையும் உண்டு, மரியாதையோடு கேட்கிறேன். 1998இல் பணம் போட்ட கம்பெனிகள் கையை விரித்ததும் யோகோஹாமா ஃப்ளூகல்ஸ் அணியை அதே ஊரின் மரினோஸ் அணியோடு இணைக்க லீக் ஒத்துக்கொண்டது. அப்போது தலைவர் நீங்கள். ரசிகர்கள் தெருவில் இறங்கிக் கையெழுத்து வாங்கினார்கள். கலையப்போகும் அந்த அணி 1999 ஜனவரி 1இல் ஜப்பானின் பேரரசர் கிண்ணத்தையே வென்றுவிட்டு மறைந்தது. அப்புறம் ரசிகர்களே கூடி யோகோஹாமா எஃப்சியைத் தொடங்கினார்கள். அணி ஊருக்குச் சொந்தம் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே ஐயா, அந்த ஒரு தடவை மட்டும் ஏன் கம்பெனிகளின் கணக்குக்குத் தலையாட்டினீர்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஜூரோங் ஈஸ்ட் ரசிகன் ஒருவன்